காலித் ஜமீல்: தோற்காத அணியைக் கட்டுபவரா, ஜெயிக்கும் அணியைக் கட்டுபவரா?

கூப்பரேஜ் கேலரி:
2025 நவம்பரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில், தாக்காவில் இந்தியக் கால்பந்து அணி பங்களாதேஷிடம் 1-0 என்று தோற்றதிலிருந்து மும்பைத் தமிழர்கள் நமக்குள் ஒரே பேச்சுதான்: கோச் காலித் ஜமீலை மாற்ற வேண்டும். 22 வருஷத்துக்குப் பிறகு அவர்களிடம் தோற்றிருக்கிறோம், எனக்கும் வலிக்கிறது. ஆனால் இந்த ஊரில் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் இவ்வளவு சுலபமாகப் பேசக்கூடாது.

குவைத்தில் பிறந்தவர். ஆடிய காலம் முழுக்க மஹிந்திரா, ஏர் இந்தியா, மும்பை எஃப்சி என்று இந்த ஊர் கிளப்களிலேயே இருந்தார். ஊர் ஊராகப் போனதெல்லாம் கோச் ஆன பிறகுதான். 2009-ல் மும்பை எஃப்சியைக் கையில் எடுத்தார். பெரிய நட்சத்திரம் கிடையாது, பணம் கிடையாது, சில வருஷம் சொந்த மைதானம்கூட இல்லாமல் புனே பாலேவாடியில் போய் ஆடினார்கள். ஏழு சீசன், ஒரு தடவைகூட கீழ்ப் பிரிவுக்கு இறங்கவில்லை. அவர் போன அடுத்த சீசனிலேயே மும்பை கடைசி இடம். அதே சீசனில் அவர் போய்ச் சேர்ந்த மிசோரம் கிளப் ஐஸ்வால், தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன்! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

செம்பூர் பத்தாம் நம்பர்:
அண்ணே, ஐஸ்வாலை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது 2017. அந்த ஒரு கோப்பையை வைத்து எத்தனை வருஷம் பேசுவது? ஐஎஸ்எல் கிளப்பான நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் என்ன நடந்தது? 2021 ஜனவரியில் இடைக்காலப் பொறுப்பேற்று அரையிறுதி வரை கொண்டுபோனார், அருமை. அடுத்த சீசன் முழுப் பொறுப்பும் கொடுத்தார்கள், பத்தாவது இடம். நெருக்கடியில் கைகொடுப்பார், நிதானமாக ஓர் அணியைக் கட்டச் சொன்னால் திணறுவார். நான் பார்த்தது இதுதான்.

அப்புறம் அதே தகுதிச்சுற்றில் கோவாவின் மட்காவில் நடந்த ஆட்டம். சிங்கப்பூருக்கு எதிராக, சொந்த மண்ணில், சாங்டே கோல் போட்டு 1-0 முன்னிலை. அதற்குப் பிறகு இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே போய்விட்டது. முன்னிலை வந்த பிறகு பந்தை வைத்து ஆடத் தெரியாத அணி வேறு எப்படி ஜெயிக்கும்?

கூப்பரேஜ் கேலரி:
தம்பி, அந்த ஆட்டத்தில் நம் தடுப்பாட்டத் தூண் ஜிங்கன் இல்லை. சிங்கப்பூரில் நடந்த முதல் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியிருந்தார். அந்த ஆட்டத்தில் பத்து பேரோடு நின்று, 90-வது நிமிஷம் ரஹீம் அலி கோலில் 1-1 எடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? தகுதிச்சுற்றின் முதல் இரண்டு ஆட்டமும் இவருக்கு முந்தைய கோச் மார்க்கெஸ் காலத்தவை. பங்களாதேஷோடு டிரா, ஹாங்காங்கிடம் தோல்வி. மொத்தமாக எட்டு ஆட்டத்தில் மார்க்கெஸுக்கு ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. அந்தக் கணக்கை இவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

நார்த்ஈஸ்ட் சரி. அவர் கோச்சாக இருந்த ஜாம்ஷெட்பூரை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2024-25 ஐஎஸ்எல்-லில் ஐந்தாவது இடம், அரையிறுதி. சூப்பர் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அது முழு சீசன்தானே?

செம்பூர் பத்தாம் நம்பர்:
அந்த இறுதி ஆட்டத்தில் கோவாவிடம் 3-0 தோல்வி.

சின்ன அணிக்குத் தடுப்பாட்டம்தான் வழி என்கிறார்களே, அதில்தான் எனக்குச் சண்டை. நம்ம சென்னை சிட்டி 2018-19-ல் ஐ-லீக் ஜெயித்தது எப்படி? சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். கோயம்புத்தூரில் பந்தைக் காலில் வைத்து, கோல் மேல் கோல் போட்டு ஜெயித்தார்கள். அவர்களின் ஸ்ட்ரைக்கர் மான்ஸி மட்டும் 21 கோல். அவர்களும் சின்ன அணிதான்.

அன்டாப்ஹில் கீப்பர்:
சென்னை சிட்டியில் நாலு ஸ்பெயின்காரர்கள் இருந்தார்கள் ப்ரோ. தேசிய அணிக்கு மான்ஸியை எங்கிருந்து கூட்டிவருவது?

நான் கீப்பராக நின்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காலித் ஆட்டம் வெளியிலிருந்து பார்த்தால் "பின்னால் போய் நில்" என்பது மாதிரி தெரியும். உள்ளே அது ரொம்பக் கஷ்டமான வேலை. பந்து எதிரணியின் விங்கருக்கு, அதாவது ஓரத்தில் ஓடும் ஆளுக்குப் போனதும் நம் ஃபுல்பேக் (ஓரத் தடுப்பாளர்) வெளியே போக வேண்டும், அவர் விட்ட இடத்துக்கு ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாளர்) நகர வேண்டும், ஸ்டாப்பர் இடத்தை நடுக்கள வீரர் மூட வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில். ஒருவர் அரை நொடி தாமதித்தால் கீப்பர் முன்னால் ஓர் ஆள் தனியாக நிற்பார். இது வாயால் சொல்லி வராது, தினமும் செய்து செய்து உடம்பில் ஏற வேண்டும். ஐஸ்வாலில் அதற்கு ஒரு முழு சீசன் கிடைத்தது. ஜயேஷ் ராணே, அஷுதோஷ் மேத்தா இருவரும் மும்பையிலேயே அவரிடம் ஆடியவர்கள், அங்கே போய் ஒன்றும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இந்திய அணியில் பயிற்சி கேம்புக்குக் கிடைப்பது சில நாள். அதிலும் மத்திய ஆசிய நாடுகளின் காஃபா கோப்பைக்கு மோகன் பகான் கிளப் தன் வீரர்களை அனுப்பவில்லை. அப்படியிருந்தும் ஓமானை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். ஆனால் செம்பூர்க்காரர் சொல்வதில் ஒன்று நிஜம்: கோல் அடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் இந்த அணிக்கு வழி தெரிவதில்லை. காஃபாவில் ஆப்கானிஸ்தானோடு 0-0, அப்புறம் தாக்காவிலும் ஒரு கோல்கூட இல்லை.

செம்பூர் பத்தாம் நம்பர்:
அதைத்தானே நானும் கேட்கிறேன். கேம்ப் நாள் கேட்பது நியாயம். ஆனால் நாற்பது நாள் கொடுத்தாலும் அவர் எதைச் சொல்லிக்கொடுப்பார்? தாக்குதலுக்கென்று தனியாக ஒரு உதவிக் கோச் வேண்டும், நடுக்களத்தில் பந்தை அடக்கி ஆடும் ஓர் ஆள் வேண்டும். அது நடக்காவிட்டால் அடுத்த தகுதிச்சுற்றிலும் இதே கதிதான்.

கூப்பரேஜ் கேலரி:
உதவிக் கோச் போடட்டும், முழு மனசோடு சம்மதம். ஆனால் 2012-க்குப் பிறகு முதல் தடவையாக ஓர் இந்தியரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கோச்சுக்கு வருஷக்கணக்கில் பொறுமை காட்டினோம். மார்க்கெஸுக்கு முன்னால் இருந்த ஸ்டிமாக்குக்கு ஐந்து வருஷம் கொடுத்தோம். நம்ம மும்பை கூப்பரேஜ் மைதானத்திலிருந்து வந்த ஆளுக்கு ஒரு முழுத் தகுதிச்சுற்று, முதல் ஆட்டத்திலிருந்து, அவருடைய அணியாகக் கொடுங்கள். அதற்கப்புறம் மாற்றச் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

செம்பூர் பத்தாம் நம்பர்:
ஒரு தகுதிச்சுற்று சரி. ஆனால் சொந்த மண்ணில் கோல் அடித்த பிறகு பின்வாங்கக் கூடாது. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் அண்ணே.