முன்மொழிந்தவர் பெயர் வார்டு பட்டியலில் இல்லை: கவுன்சிலர் மனு போட்டவர்களின் அனுபவங்கள்

தெருவிளக்கு:
2022 பிப்ரவரி 5, வேட்புமனு பரிசீலனை. இத்தனை வருஷமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. என் அக்கா சென்னையில் சுயேச்சையாக மனு போட்டிருந்தார். 200 வார்டில் எங்கே ஓட்டு இருந்தாலும் எந்த வார்டிலும் நிற்கலாம். ஆனால் முன்மொழிபவர் அந்த வார்டு வாக்காளராகவே இருக்க வேண்டும். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அம்மா.

அதிகாரி பட்டியலில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். ஸ்கேல் பக்கத்தின் அடிக்கு வந்து நின்றது. "இவங்க பேர் பக்கத்து வார்டுல இருக்கும்மா." வார்டு மறுவரையறையில் தெருவின் ஒரு பக்கம் அந்த வார்டுக்குப் போயிருக்கிறது. அந்த அம்மா முந்தானையில் முடிந்திருந்த வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டி, "போன வருஷம் இங்கதானே சார் ஓட்டுப் போட்டேன்" என்றார். அது சட்டமன்றத் தேர்தல். மனு தள்ளுபடி. தாக்கல் முந்தின நாளே முடிந்துவிட்டதால் வேறு ஆளை வைத்துப் போடவும் வழியில்லை.

மழைத்தண்ணி:
உங்களுக்காவது முன்மொழிபவர் பிரச்சினை. எனக்கு ஊரே மாறிப்போச்சு. மடிப்பாக்கத்தில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தேன், மழைநீர் வடிகாலுக்காக மனுமேல் மனு கொடுத்தேன். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும் மூவரசம்பட்டில் வீடு கிடைத்தது, பொறுப்பாக ஓட்டையும் மாற்றிக்கொண்டேன். அது ஊராட்சி. மாநகராட்சிப் பட்டியலில் பெயர் இல்லாததால் நிற்க முடியாது என்றார்கள். குப்பை வண்டி எல்லையில் திரும்பிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், ஓட்டை மாற்றாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும்.

பழைய பூத் ஏஜென்ட்:
மழைத்தண்ணி, அப்படி நினைக்காதீங்க. நீங்கள் செய்ததுதான் சரி. குடியிருப்பைப் பற்றிப் பொய்யாக எழுதிக் கொடுத்தால் 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. மாற்றாமல் விட்டாலும், எதிராளி படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்கக் கேட்கலாம்.

என் மாமா கதை சின்னதுதான். சென்னையில் வேலை, மதுரையில் சொந்த வீடு. மதுரையில் நிற்க ஆசைப்பட்டு அங்கே பெயர் சேர்க்க எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்தவர் பக்கத்து வீட்டில் "இவர் எப்ப வருவார்?" என்று கேட்க, "பொங்கலுக்கு வருவார்" என்று பதில். பெயர் சேரவில்லை. வீடு சொந்தம் என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். 20ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது.

மக்களவைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பிரதமருக்கு ஓட்டு அகமதாபாத்தில், நிற்பது வாராணசியில். கவுன்சிலர் அப்படியில்லை, அந்த நகரத்தின் பட்டியலில் இருந்தாக வேண்டும். அது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். சாக்கடை அடைத்தால் வீட்டுக் கதவைத் தட்டுகிற தூரத்தில் ஆள் இருக்கணும்.

அடுத்த முறை நிற்கிறவர்கள் இப்போதே பாகம் எண், வரிசை எண் எல்லாவற்றையும் வார்டு வாரியான பட்டியலில் பாருங்கள். அட்டையை நம்பாதீர்கள். வீடு மாறினால் இப்போது படிவம் 8 போதும். முன்மொழிபவரின் பக்கத்தையும் கையோடு ஜெராக்ஸ் எடுங்கள். இன்னொருவர் கையெழுத்தோடு இன்னொரு மனுவும் போட்டு வையுங்கள், தெருவிளக்கு வீட்டில் அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

தெருவிளக்கு:
அண்ணே, இன்னொரு மனு போடலாம் என்று அன்றைக்கு எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கட்டின டெபாசிட் 4,000 ரூபாய் திரும்ப வந்தது. அதில் இஸ்திரிக்கார அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கிப் போனோம். அவர் வாங்கவில்லை. "என்னாலதான் போச்சு"ன்னு அழுதுட்டாங்க. அக்கா துணியை இப்போதும் காசு வாங்காமல்தான் தேய்த்துக் கொடுக்கிறார்.