டிஜேயில் இடம் கிடைத்திருக்கிறது. டியூஷன் இல்லாமல் ஓட்ட முடியுமா?

ஹெர்ண்டன் அப்பா:
பையனுக்கு, வர்ஜீனியாவில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில், அதாவது நாம் எல்லோரும் சொல்லும் டிஜேயில், இடம் வந்திருக்கிறது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள், "எந்த டியூஷனில் சேர்த்தீர்கள்?" என்று. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1தான் முடித்திருக்கிறான். கோடையிலேயே ஜியோமெட்ரியை முடி, ஆகஸ்டிலிருந்து கணக்குக்கும் வேதியியலுக்கும் ஆள் பிடி என்கிறார்கள். ஒருவர் மணிக்கு 90 டாலர் கேட்கிறார். சலித்து எடுத்த பிள்ளைகளுக்கு எதற்கு டியூஷன் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகள் உண்மையிலேயே டியூஷனை நம்பித்தான் இருக்கிறார்களா? உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

சான்டிலி அம்மா:
வாழ்த்துகள்! என் பெண் அங்கே பதினொன்றாவது படிக்கிறாள். முதலில், ஒன்பதாம் வகுப்பில் வேதியியலே கிடையாது, உயிரியல்தான். அதையும் தனியாக நடத்த மாட்டார்கள். ஐபெட் என்று உயிரியல், ஆங்கிலம், டெக்னாலஜி மூன்றையும் ஒரே பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து நடத்துவார்கள். குழுவாகச் செய்யும் வேலை அதிகம். வெளியிலிருந்து ஒரு டியூட்டர் வந்து அதில் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது.

டியூஷன் போகிறார்களா என்றால், போகிறார்கள். என் பெண்ணோடு ஒரே காரில் போகும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வகுப்பு இருக்கிறது. ஆனால் பிள்ளை தத்தளிக்கிறது என்பதற்காகப் போவது குறைவு. மூன்றாம் வகுப்பில் குமான் டியூஷன் சென்டரில் ஆரம்பித்தது இன்னும் ஏதோ ஒரு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சிலர் வரப்போகும் பாடத்தைக் கோடையிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். செப்டம்பரில் அந்தப் பிள்ளைகள் டக் டக்கென்று பதில் சொல்வதைப் பார்த்து, மற்ற பிள்ளைகள் "எனக்கு மட்டும்தான் புரியவில்லை" என்று வீட்டில் வந்து அழும். உடனே அந்த வீட்டிலும் ஆள் தேடுவார்கள். இது பரவுவது இப்படித்தான்.

பத்தாவதில் வேதியியலுக்கு நாங்களும் ஒருவரை வைத்தோம். நல்ல மனிதர், நோட்ஸ் அருமையாக இருக்கும். ஆனால் தேர்வில் அந்த நோட்ஸ் வருவதில்லை. அதுவரை பார்த்திராத ஒரு சோதனையின் அட்டவணையைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது, ஏன் என்று கேட்டார்கள். குளிர்கால விடுமுறையோடு அவளே போதும் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் எட்டாவது பீரியடைப் பயன்படுத்த ஆரம்பித்தாள். புதன், வெள்ளி இரண்டு நாளும் பள்ளி நேரத்துக்குள்ளேயே கிளப்புகளுக்கு ஒதுக்கிய நேரம் அது. அதில் ஆசிரியரிடம் போய் உட்காரலாம், மேல் வகுப்புப் பிள்ளைகளும் சொல்லித் தருவார்கள். காசு கிடையாது. கேட்பதற்குத்தான் கூச்சம். நடுநிலைப் பள்ளி முழுக்க மற்றவர்களின் சந்தேகத்தைத் தீர்த்துவைத்த பிள்ளைகள் இவர்கள், தங்களுக்கே ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரிவதில்லை. 78 மார்க் வாங்கியதை என் பெண் என்னிடம் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று.

பழைய ஸ்டைவசன்ட்:
நியூயார்க்கில் கதை வேறு. நான் படித்த ஸ்டைவசன்ட் பள்ளியில் நுழைவதற்கு எஸ்எச்எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு ஒன்றுதான். 1971இல் வந்த மாநிலச் சட்டமே அப்படி. வகுப்பு மார்க், சிபாரிசுக் கடிதம் எதையும் பார்க்க மாட்டார்கள். அதனால் டியூஷனின் மும்முரமெல்லாம் உள்ளே போவதற்கு முன்னால்தான். ஏழாம் வகுப்பு முடிந்த கோடை எனக்கு அதிலேயே போயிற்று. உள்ளே போனபின் என் நண்பர்கள் பலர் விட்டுவிட்டார்கள். கால்குலஸில் மாட்டிக்கொண்டால் சொல்லித் தர அரிஸ்டா என்ற சிறந்த மாணவர் சங்கத்தின் பிள்ளைகள் இருந்தார்கள். பதினொன்றாவதில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு வந்ததும் மறுபடி அதே சென்டர் வாசல்! டிஜேயில் 2020இல் தேர்வையே எடுத்துவிட்டார்களே, அங்கே டியூஷன் குறைந்ததா?

சான்டிலி அம்மா:
எங்கே குறைந்தது? ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 1.5 சதவீதம் பேருக்கு இடம் என்று மாற்றினார்கள். அதன்மேல் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2024இல் எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. இப்போது பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் பகுதிக்கும் கட்டுரைக்கும் கோச்சிங் நடக்கிறது. தன்னைப் பற்றி எழுத ஒரு குழந்தைக்குக் கோச்சிங்!

கணக்கு டீச்சர்:
இந்தப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித் தருகிறேன், ஆக இதைச் சொல்லி என் பிழைப்பிலேயே மண் போட்டுக்கொள்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் உண்மையிலேயே தேவை உள்ளவர்கள் பெரும்பாலும் கோடையில் ஜியோமெட்ரியை ஓட்டமாக முடித்தவர்கள். கோணம் கண்டுபிடிப்பார்கள். நிரூபணம் எழுதச் சொன்னால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார்கள். அப்போது மார்க் நன்றாகத்தான் வரும், யாருக்கும் தெரியாது. ட்ரிக்னாமெட்ரி முற்றொருமைகள் வரும்போது மாட்டுவார்கள். இரண்டு பக்கமும் சமம் என்று காட்டச் சொன்னால், 30 டிகிரியைப் போட்டுப் பார்த்துவிட்டு "சரியாக வருகிறது மிஸ்" என்பார்கள்.

சார், விண்ணப்பிக்கவே அல்ஜீப்ரா 1தான் குறைந்தபட்சம். உங்கள் பையன் பின்தங்கவில்லை. ஜியோமெட்ரியை ஒன்பதாவதில் நிதானமாகப் படிக்கட்டும். பள்ளியை முடிப்பதற்குள் கால்குலஸ் படித்தாக வேண்டும் என்பது உண்மை, ஜியோமெட்ரியில் தொடங்கினாலும் அதற்கு நேரம் இருக்கிறது.

டியூஷனை நம்பி இருப்பது என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பி விடை கேட்பது. அந்த மாதிரிப் பிள்ளைகளை நான் எடுப்பதில்லை.

ஹெர்ண்டன் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. ஜியோமெட்ரி ஒன்பதாவதில்தான், முடிவாகிவிட்டது. ஆனால் கோடை முழுக்க சும்மா விட வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர்:
பைத்தான் கொஞ்சம் தொட்டு வைக்கட்டும், அங்கே கணினி அறிவியல் எல்லோருக்கும் கட்டாயம். கணக்குக்கு ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் தளத்தில் அல்குமஸ் என்ற பயிற்சிப் பகுதி இலவசம். அல்ஜீப்ரா பகுதியை மட்டும் போடச் சொல்லுங்கள், தப்பாகப் போட்டதற்கு விளக்கத்தைப் படிக்கிறானா என்று பாருங்கள்.

சான்டிலி அம்மா:
அப்புறம், பஸ் எங்கே நிற்கும் என்பதை ஆகஸ்டில் மறக்காமல் பாருங்கள். ஹெர்ண்டனிலிருந்து தூரம் அதிகம், வீட்டு வாசலுக்கு வராது. மாலை வகுப்பு எதையாவது ஒப்புக்கொள்வதற்கு முன் அவன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.