கெத்துபாவில் படம் முதலா, வாசகம் முதலா?

நீலாம்பரி:
வரும் அக்டோபரில் நியூஜெர்சியில் எங்கள் கல்யாணம். அவர் யூதர். நான் மதுரைப் பெண், மதம் மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை. இருசமயத் திருமணங்களை நடத்திவைக்கும் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த ரப்பி, அதாவது யூத சமயகுரு, ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பந்தல், சாப்பாடு எல்லாம் முடிவாகிவிட்டது. கெத்துபாவில்தான் நிற்கிறோம்.

தெரியாதவர்களுக்காக: யூதத் திருமணத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, ஹுப்பா என்கிற மணப்பந்தலின் கீழ் வாசித்து, மணமகளிடம் கொடுக்கும் பத்திரம்தான் கெத்துபா. இப்போது ஓவியம்போலச் செய்து, சட்டம் போட்டு வீட்டில் மாட்டுகிறார்கள். எங்களுக்கு மாதுளை மரம் வரைந்த ஒன்று பார்த்த உடனே பிடித்துவிட்டது. ஓரத்தில் கோலம் சேர்த்து வரைந்து தருவதாகவும் ஓவியர் சொன்னார். ஆனால் படிவத்தில் 'வாசகம்' என்று ஒரு கட்டம். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், சீர்திருத்தம் என்ற யூதப் பிரிவுகள், பிறகு இருசமயம், சமயம் சாராதது என்று வரிசையாக இருக்கிறது. தன் தாத்தா பாட்டியின் கெத்துபாவில் இருந்த, அரமேயம் என்ற பழைய மொழியில் உள்ள வாசகமே வேண்டும் என்கிறார் அவர். எனக்கு அந்த எழுத்தின் அழகு பிடிக்கிறது, ஒரு வரியும் புரியாது. பக்கத்தில் தமிழிலும் ஒரு பத்தி வைக்க ஆசை. சுவரில் மாட்டப்போகிற ஒன்றுக்கு எந்த வாசகம் என்பது அவ்வளவு முக்கியமா?

பழைய ஏடு:
முக்கியம், அம்மா. படத்தைவிட முக்கியம். கல்லூரியில் அரமேயம் படித்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த வாசகத்தில் காதல் என்று ஒரு சொல் கிடையாது. "மோசேயின் நெறிப்படியும் இஸ்ரயேலின் நெறிப்படியும் எனக்கு மனைவியாக இரு" என்று மணமகன் சொல்கிறான். உணவு, உடை, தாம்பத்தியம் மூன்றுக்கும் பொறுப்பேற்கிறான். கன்னிக்கு 200 ஸூஸ் (பழைய வெள்ளி நாணயம்), விதவைக்கு 100. அவன் இறந்தாலோ விலக்கினாலோ அந்தத் தொகை அவளுக்கு. அதற்கு ஈடாகத் தன் சொத்து முழுவதையும், தோளில் கிடக்கும் மேலாடை வரைக்கும் எழுதிவைக்கிறான். இது கடன் பத்திரம்.

அந்த நெறியில் யூதரல்லாத ஒருவரோடு மணமே செல்லாது. அப்படியிருக்க "அந்த நெறிப்படி" என்று எழுதி, அதன்கீழ் இருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வது உண்மையில்லாத ஒன்றைச் சொல்லவைப்பதுதான். உங்கள் திருமணத்துக்கு நான் எதிரி இல்லை, மனமார வாழ்த்துகிறேன். ஆனால் பழைய வாசகத்தை எடுக்காதீர்கள். கெத்துபா என்ற பெயரையும் எடுக்காதீர்கள்.

வடகரை:
பெயரையும் எடுக்கக் கூடாது என்று சொல்ல நாம் யார், ஐயா? 2011இல் என் கல்யாணமும் இப்படித்தான் நடந்தது. எங்கள் கெத்துபா கூடத்தில் தொங்குகிறது, என் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எபிரேய எழுத்துக்கூட்டினார்கள். பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 2010க்குப் பிறகு மணந்த யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணை யூதரல்லாதவர். இத்தனை பேர் வீட்டிலும் இருப்பதற்கு வேறு பெயர் தேட வேண்டுமா?

பழமை என்று பார்த்தாலும் சரி. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் எகிப்தின் எலிபன்டைன் தீவிலிருந்து வந்த அரமேயத் திருமணப் பத்திரம் ஒன்று இருக்கிறது, கி.மு. 449ஐச் சேர்ந்தது. மணமகன் அனனியா அங்கிருந்த யூதக் கோயிலின் ஊழியன். மணமகள் தாமுத் எகிப்தியப் பெண். விலகும் உரிமை இருவருக்கும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

நீலாம்பரி, அலங்காரத்தில் கைவைக்கவும் தயங்காதே. இத்தாலிய யூதர்கள் தோரண வாயிலும் ராசி மண்டலமும் வரைந்தார்கள். பாரசீகத்து இஸ்பகான் நகரக் கெத்துபாக்களில் அந்த நாட்டுச் சின்னமான சிங்கமும் சூரியனும் இருக்கும். இங்கே கொச்சி யூதர்களும் பூ வரைந்தவர்கள். வாழ்ந்த ஊரின் கலையைப் பத்திரத்தில் ஏற்றுவதுதான் அந்த வழக்கம். உன் கோலமும் அந்த வரிசைதான்.

பழைய ஏடு:
கோலத்தில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஓரம் எப்போதுமே ஓவியருடையது. நடுவில் இருக்கும் வாசகம் அப்படி அல்ல.

அப்புறம், தாமுத் ஓர் அடிமைப்பெண். அவள் எசமானனிடம் கேட்டுத்தான் அனனியா மணந்தான். அந்தப் பத்திரம் ரப்பிகளின் கெத்துபாவுக்குப் பல நூற்றாண்டு முந்தையது. அதை வைத்து இன்றைக்கு வழி தேட முடியாது.

கெத்துபா எதற்காக இருந்தது என்று அறிய பாபதா என்ற யூதப் பெண்ணைப் பாருங்கள். கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக யூதர்கள் தொடங்கிய பார் கோக்பா கிளர்ச்சியின்போது சாக்கடல் ஓரத்துக் குகை ஒன்றில் ஒளிந்தவள். 1961இல் அகழ்ந்தபோது, தோல்பையில் அவள் கட்டிவைத்திருந்த பத்திரங்கள் கிடைத்தன. அவற்றில் கெத்துபாவும் ஒன்று. உயிருக்கு ஓடும்போது எடுத்துப்போகிற அளவுக்கு அது அவளுக்குக் காப்பு. அதில் உள்ளது புரியாமலே அழகுக்காக மாட்டுவது அவளுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

வடகரை:
பாபதாவுக்குக் காப்பாக இருந்தது. பிறகு எத்தனையோ பெண்களுக்கு அது போதவில்லையே. மதப்படியான மணவிலக்குச் சீட்டைக் கணவன் தர மறுத்தால் மறுமணம் செய்ய முடியாமல் மனைவி கட்டுண்டு கிடக்கிறாள். அதனால்தான் 1950களில் சால் லீபர்மன் என்ற கன்சர்வேடிவ் அறிஞர், சிக்கல் வந்தால் இருவரும் யூத சமய நீதிமன்றத்தின் முன் வர வேண்டும் என்று வாசகத்திலேயே சேர்த்தார். 1983இல் அவிட்சூர் வழக்கில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த உடன்பாட்டை அரசு நீதிமன்றமும் நிறைவேற்றலாம் என்றது. வாசகம் தேவைக்கேற்ப மாறித்தான் வந்திருக்கிறது.

பழைய ஏடு:
நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள், அம்மா. நீதிமன்றம் வரை போகிற எழுத்து என்றால், சுவரில் மாட்டுவதுதானே என்று எப்படி விடுவது?

எழுத்தாணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். குயின்ஸில் அச்சும் சட்டமும் போடும் கடையில் வேலை செய்கிறேன், கெத்துபா நிறைய என் கை வழியாகப் போகிறது. வாசகத்தை ரப்பி பார்த்துச் சரி என்று எழுதிக்கொடுக்கும் வரை பணம் கட்டாதீர்கள். அச்சுப்படி சில நூறு டாலரில் முடியும். உங்களுக்கென்றே வரைந்து கையால் எழுதினால் ஆயிரக்கணக்கில் போகும். எதுவானாலும் அச்சேறிய பிறகு ஓர் எழுத்து மாற்றவும் வழியில்லை.

நீலாம்பரி அக்கா தமிழ்ப் பத்தி கேட்டதால் ஒன்று. வடிவமைப்பு மென்பொருள் பலவற்றில் தமிழ் சிதறும். 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும், பார்க்கும் ஓவியருக்குத் தமிழ் தெரியாததால் அதுதான் சரி என்று நினைத்துவிடுவார். தமிழை நீங்களே அடித்து, எழுத்துருவைப் படவடிவாக மாற்றி அனுப்புங்கள். மாதிரிப்படியைத் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் எபிரேயம் தெரிந்தவர் ஒருவரும் எழுத்து எழுத்தாகப் பார்க்கட்டும்.

கையெழுத்துக்கு மங்காத நிறமி மைப் பேனா வாங்குங்கள், அதே தாளின் துண்டில் போட்டுப் பாருங்கள். சட்டத்தில் கண்ணாடி போடுவது கையெழுத்து முடிந்த பிறகு. காகிதவெட்டு வகை வாங்கினால் கையெழுத்துக் கோட்டருகில் வெட்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேனா முனை மாட்டும்.

வடகரை:
எழுத்தாணி தம்பி சொல்வது அத்தனையும் உண்மை. எங்களுடையதில் மாமனாரின் எபிரேயப் பெயரில் ஒரு எழுத்து தப்பாக வந்தது. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பார்த்தோம். வாங்கிய இடத்தில் பொறுப்பேற்கவில்லை, மறுபடி பணம் கட்டினோம். அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

நீலாம்பரி:
எல்லாவற்றையும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். 200 ஸூஸ் 'கன்னிக்கு' என்று தாத்தா பாட்டியின் கெத்துபாவில் இருப்பது அவருக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்து பார்த்த படம், படித்ததில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "நம்மைப் பற்றி உண்மையாக இருப்பதை எழுதுவோம்" என்றார் கடைசியில். ஆனால் எங்கே தொடங்குவது? கிடைக்கிற இருசமய வாசகங்கள் எல்லாம் வாழ்த்து அட்டைபோல இருக்கின்றன. 'அன்பில் வளர்வோம், கனவுகளைப் பகிர்வோம்' என்பதற்குச் சாட்சி எதற்கு?

பழைய ஏடு:
இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு உதவ ஆசைப்படுகிறேன். கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடம் ஒன்றில் பழந்தாள்கள் குவிந்து கிடந்தன, கெனிசா என்பார்கள். அதில் மறைநூலை மட்டும் ஏற்கும் காரைட் யூதருக்கும், ரப்பிகளின் மரபையும் ஏற்கும் ரப்பி வழி யூதருக்கும் நடந்த 11, 12ஆம் நூற்றாண்டுத் திருமணப் பத்திரங்கள் இருக்கின்றன. இரு பிரிவுக்கும் நாட்காட்டி வேறு, பண்டிகை நாள் வேறு, சாப்பாட்டு விதி வேறு. காரைட்டுகள் ஓய்வுநாள் இரவில் விளக்கு வைப்பதில்லை, ரப்பி வழியினர் வைப்பார்கள். அதனால் அந்தப் பத்திரங்களில் எழுதிக்கொண்டார்கள்: ஓய்வுநாள் விளக்கொளியில் உட்காரும்படி அவளை வற்புறுத்துவதில்லை, அவள் விலக்கும் ஆட்டுவால் கொழுப்பை உண்ணச் சொல்வதில்லை, அவளுடைய பண்டிகை நாளைக் கெடுப்பதில்லை. அவளும் அவன் பண்டிகையை அவனோடு கொண்டாடுவாள்.

இருவருமே யூதர்கள், ஆகவே உங்கள் நிலை அது அல்ல. ஆனால் எழுதும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு, சாப்பாடு, பண்டிகை. சாட்சி வைக்கத் தகுந்தவை இவைதான்.

வடகரை:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஐயா! நாங்கள் எழுதாமல் விட்டதும் இதைத்தான். பஸ்கா என்கிற யூதப் பண்டிகை வாரத்தில் வீட்டில் புளித்த மாவு இருக்கலாமா, தோசை மாவு எந்தக் கணக்கு என்று முதல் வருடம் பட்ட பாடு எனக்குத் தெரியும். பத்திரத்தில் இல்லாவிட்டாலும், பத்திரம் எழுதும்போது பேசியிருப்போம்.

ஆனால் பெயரில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கெத்துபா என்றால் 'எழுதப்பட்டது' என்றுதானே பொருள்?

பழைய ஏடு:
வேர் அதுதான். நம் முஸ்லிம்கள் சொல்லும் கிதாபும் அதே வேர். ஆனால் வேர்ப்பொருளை வைத்து ஒரு சட்டப் பெயரை எடுத்துக்கொள்ள முடியாது. 1998இல் ரேச்சல் ஆட்லர் என்ற அமெரிக்க யூத அறிஞர், பெண்ணை வாங்கும் சாயல் இல்லாமல் கூட்டாளிச் சட்டத்தை அடிப்படையாக வைத்து 'பிரித் அஹுவிம்' என்று ஒன்றை முன்வைத்தார். அன்பர்களின் உடன்படிக்கை என்று பொருள். அந்தச் சொல் உங்களுக்கு நேர்மையாகப் பொருந்தும்.

நீலாம்பரி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எட்டு வரி எழுதியிருக்கிறோம். ஓய்வுநாளுக்கான வெள்ளி மாலை விளக்கும் கார்த்திகை விளக்கும் வருகின்றன. பிறக்கிற பிள்ளைக்கு எந்தக் கதைகளையும் மறைப்பதில்லை என்று ஒரு வரி. பிரிய நேர்ந்தால் யாரும் யாரையும் கட்டிவைப்பதில்லை என்று ஒரு வரி. இதை எழுதியபோது அம்மா அழுதாள், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. மோசே நெறி வரி இல்லை. பழைய ஏடு ஐயா, அது உங்களால். அரமேயத்துக்குப் பதில் எபிரேயம், ஆங்கிலம், தமிழ். பாட்டியின் கெத்துபாவைக் கையெழுத்து மேசைமேல் வைக்கிறோம்.

தலைப்பில்தான் சண்டை. 'மணவோலை' என்று போட்டால் தமிழில் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடுகிறது. கெத்துபா என்றால் ஐயாவுக்கு வருத்தம், இல்லையென்றால் வடகரை அக்காவுக்கு வருத்தம்.

எழுத்தாணி:
அக்கா, நான் பார்த்த பழைய வாசகங்களில் தலைப்பே இருக்காது. நேராகக் கிழமையில் தொடங்கும்.

பழைய ஏடு:
தம்பி சொல்வது சரி. 'வாரத்தின் இந்த நாளில், மாதத்தின் இந்தத் தேதியில்' என்றுதான் தொடங்கும். தலைப்பு வேண்டாம். கூடத்தில் அதை யார் எப்படி அழைத்தாலும் தாளில் பொய் இருக்காது.

வடகரை:
நான் கெத்துபா என்றுதான் அழைப்பேன்.

பழைய ஏடு:
அழையுங்கள். நீலாம்பரி அம்மா, கல்யாணம் என்ன கிழமை, எத்தனை மணிக்கு? யூத நாள் சூரியன் மறையும்போது மாறிவிடும். தேதி எழுதுமுன் அதைப் பார்க்க வேண்டும்.

நீலாம்பரி:
ஞாயிறு. கையெழுத்து நாலரைக்கு, சூரியன் மறைவது ஆறேகாலுக்கு மேல். அப்படியானால் 'வாரத்தின் முதல் நாளில்' என்று தொடங்குகிறேன். மாதிரிப்படி வந்ததும் தமிழ்ப் பத்தியை இங்கே போடுகிறேன், ஒற்றுப் பிழை பார்த்துச் சொல்லுங்கள்.