கோசாயின்குண்டம் போய் வந்தவர்கள்: மனதை விட்டு அகலாத ஒன்றைச் சொல்லுங்கள்

முத்தையன்கட்டு வரம்பு

நேபாளத்துக் கோசாயின்குண்டம் ஏரியைப் பற்றி எழுத வரவில்லை. ஆலகாலம் உண்ட பெருமான் தொண்டை எரிவு தாங்காமல் சூலத்தால் குத்த ஊறிய நீர் என்ற கதையும், 4380 மீற்றர் உயரமும் இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் எழுத வந்தது மண்ணில் கீறிய ஒரு கோட்டைப் பற்றி.

நானும் மச்சானும் போனோம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. காலபோக நெல்லை விற்ற கையோடு பங்குனிக் கடைசியில் புறப்பட்டோம். கமக்காரனுக்கு இமயமலைப் பக்கம் போக வேறு காலம் ஏது? ஐப்பசியில் அங்கே வானம் கண்ணாடி போல இருக்குமாம், இங்கே விதைப்பு. ஆவணியில் இங்கே கை ஓய்வு, அங்கே அடைமழை. பங்குனி ஒன்றுதான் இரண்டு பக்கமும் ஒத்துவரும்.

கொப்பியில் முதலில் எழுதிய திட்டம் சரியாகத்தான் இருந்தது. துஞ்சே வரை பஸ், அங்கிருந்து சந்தன்பாரி, சந்தன்பாரியில் இரண்டு இரவு, பிறகு லௌரிபினா, பிறகு ஏரி. ஒரு நாள் முந்தித் திரும்பினால் விமான டிக்கெட் நன்றாகவே மலிவு என்று தெரிந்ததும், சந்தன்பாரியின் இரண்டாவது இரவை வெட்டிவிட்டேன். சும்மா படுத்திருக்க ஒரு நாளா என்று நினைத்தேன்.

துஞ்சே ஏறத்தாழ 2000 மீற்றர். சந்தன்பாரி 3330. ஒரே பகலில் 1300 மீற்றர் ஏறியிருக்கிறோம். அன்றைக்கு அது பெருமையாக இருந்தது. மறுநாள் லௌரிபினா, 3910. அன்றிரவு மச்சான் சோற்றைத் தொடவில்லை. சோறும் நொய்யும் நறுக்குமாகத்தான் இருந்தது, அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 87 பாகையிலேயே கொதித்துவிடுகிறதே. ஆகவே அரிசியில்தான் பிழை என்று நினைத்தேன். "அக்காவின் சமையல் இல்லாமல் ஐயாவுக்கு இறங்கவில்லையோ" என்று பகிடி வேறு பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

விடியற்காலை வெளியே வந்தால் கணேஷ் ஹிமால், லாங்டாங் என்று வெள்ளை மலைகள் வரிசையாக நிற்கின்றன. வழிகாட்டி அவற்றைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடியை எடுத்து மண்ணில் நேராக ஒரு கோடு கீறினார். குதிக்காலை மறு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து அதன் மேல் நடக்கச் சொன்னார்.

மச்சான் சிரித்தான். "அத்தான், என்னை வரம்பில் நடக்கச் சொல்கிறார்" என்றான்.

பத்து வயதிலிருந்து வரம்பில் நடப்பவன். மாரி மழையில் வழுக்கும் வரம்பில், தலையில் உரமூட்டையோடு, கால் பிசகாமல் போவான். முதல் அடி வைத்தான், இரண்டாவது வைத்தான். மூன்றாவது அடியில் கால் இடப்பக்கம் போனது. திரும்ப வைத்தான், திரும்பவும் போனது. தன் காலையே, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல, குனிந்து பார்த்தான்.

வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் அவனுடைய பையை எடுத்துத் தன் பையின் மேல் கட்டினார். கீழே என்று கையால் காட்டினார். அவ்வளவுதான். சந்தன்பாரி வந்து சேர்ந்து சிறிது நேரத்தில் மச்சான் தானாகவே தேநீர் கேட்டான். ஏரியை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

வீட்டில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி வைத்தேன். இன்றுவரை அதுதான் வீட்டுக் கணக்கு.

கிளிநொச்சி ரீச்சர்

எங்களுக்கு விடுமுறை ஆவணியில்தான், ஆகவே நான் போனது மழையில். அட்டை கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் ஆவணிப் பூரணையில் போனதால் ஒன்று வாய்த்தது. நம் ஊரில் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றும் அதே நாளில், அங்கே ஆயிரக்கணக்கானோர் அந்த ஏரிக்கு ஏறுகிறார்கள். ஜனை பூர்ணிமா என்கிறார்கள்.

சரஸ்வதி குண்டம் தாண்டி, ஒரு பக்கம் பாறை மறு பக்கம் பள்ளமாக ஓர் ஒற்றையடிப் பாதை. முகில் வந்து மூடினால் முன்னால் போகிறவரின் பை மட்டும்தான் தெரியும். அங்கே எனக்கு விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்வது போல விறுவிறுத்தது, உதடும்தான். பாரிசவாதம் வருகிறது என்றே முடிவு செய்து அப்படியே ஒரு கல்லில் குந்திவிட்டேன். பிள்ளைகளின் முகம், கட்டாத சீட்டுக்காசு, எல்லாம் வந்து போயின.

ஒரு கிழவி வந்தார். எழுபதுக்குக் குறையாது. காலில் நாம் கிணற்றடிக்குப் போட்டுக்கொண்டு போகும் றப்பர் செருப்பு. என் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார். அவர் பேசியது ஒரு சொல்லும் விளங்கவில்லை. "அம்மா" என்று மட்டும் நான் சொன்னேன், அது அவருக்கு விளங்கியது. என்னை எழுப்பிக் கொஞ்சத் தூரம் கூட்டிப்போய் முகிலுக்குள் போய்விட்டார். மேலே ஏரிக்கரை முழுவதும் தேடினேன். அத்தனை கிழவிகள், அத்தனை றப்பர் செருப்புகள்.

விரல் விறுவிறுத்தது நான் விழுங்கிய அசற்றசோலமைட் குளிசையால்தான் என்று பின்னர்தான் தெரிந்தது. உயரத்துக்கு உடல் பழக உதவும் மருந்து அது. விறுவிறுப்பும் அடிக்கடி சிறுநீரும் அதன் கூடப் பிறந்தவை. தந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சன்னதி நடை

முதலில் எழுதிய தம்பிக்கு: மன்னிக்க வேண்டும், இந்தக் கோடு கீறுவது எல்லாம் வழிகாட்டிகள் சீக்கிரம் வீடு போகச் செய்யும் வேலை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை போனவன் நான். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, காடு என்று ஒன்றரை மாதத்துக்கு மேல், வெறுங்காலில். வன்னிச் சனத்துக்கு நடை சொல்லித்தர எவரும் தேவையில்லை. எங்களை விட நடந்தவர்கள் யார்? மூட்டை முடிச்சோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எத்தனை தரம் நடந்தோம்.

நான் கோசாயின்குண்டம் போகவில்லை. சிவனொளிபாதமலை மூன்று தரம். அங்கே அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு கண் தெரியாத மனிதர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, படிகளை வாய்விட்டு எண்ணியபடி ஏறினார். நான் மூச்சு வாங்கி நின்ற இடத்தில் அவர் ஐயாயிரத்தை நெருங்கியிருந்தார். எண்ணுவதை நிறுத்தாமல் என்னைத் தாண்டிப் போனார். அதுதான் என் கதை.

ஆலோசனை இதோ. குளிசை வேண்டாம், உள்ளி வேண்டும். வறுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். புறப்பட மூன்று மாதம் முன்பே இரணைமடுக் குளக்கட்டில் காலையும் மாலையும் நடங்கள், முதுகில் பத்துக் கிலோ மணலோடு. கொடுப்புக்குள் ஒரு துண்டு வேர்க்கொம்பு. சப்பாத்துக்கு இரண்டு சோடி காலுறை, உள்ளே மெல்லியது வெளியே தடித்தது. இரவில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மனம். அப்பர் சுவாமிகள் கயிலைக்குப் போனபோது கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, உருண்டும் புரண்டும் போனார். அவருக்கு யார் கோடு கீறினார்கள்?

வவுனியா தாதி

ஐயா, அப்பர் சுவாமிகள் கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள். இறைவன் முனிவராக வந்து அவரைத் திரும்பிப் போகச் சொன்னான். அங்கே குளத்தில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார். கயிலையைக் காவிரிக் கரையில் கண்டார்.

குளக்கட்டு நடை காலுக்கு நல்லது. உயரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. நம் தீவின் மிக உயர்ந்த பீதுறுதாலகாலையே 2524 மீற்றர். உயர நோய் தலைகாட்டத் தொடங்குவதே ஏறத்தாழ 2500 மீற்றரில். ஆகவே இந்த நாட்டில் எங்கே ஏறினாலும் உங்கள் உடல் எப்படி என்று சோதித்துப் பார்க்க முடியாது. கோசாயின்குண்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம். பலசாலிகள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்கள்தான் பல நேரம் அகப்படுகிறார்கள். 3000 மீற்றருக்கு மேலே, படுக்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். தலையிடியோடு சாப்பாடு வெறுத்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோர்க்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே இறங்க வேண்டும், இரவாக இருந்தாலும். உள்ளி சூப்பை நானும் ருசித்துக் குடித்தேன், அது சூப். குளிசையை உங்கள் வைத்தியரைக் கேட்டு எடுங்கள். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள். நேபாளத்திலேயே இன்னொரு மலைப் பாதை, மார்டி ஹிமால்; அதன் மேல் முகாம், 3500 மீற்றருக்குச் சற்று மேலே. அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைதான் சுவர். பக்கத்து அறையில் யாரோ ஓர் இளைஞன், எந்த நாடோ தெரியாது, இரவு முழுவதும் இருமினான். முதலில் வறட்டு இருமல். இரண்டு மணிக்குப் பிறகு அதன் சத்தம் மாறியது, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை இரவு கேட்டிருக்கிறேன். எழுந்து கதவைத் தட்ட வேண்டும் என்று நினைத்தேன். குளிர். சப்பாத்தைத் தேட வேண்டும். அவனோடு வந்தவர்கள் பார்ப்பார்கள்தானே. போர்வைக்குள்ளேயே கிடந்தேன்.

விடியும்போது ஒரு சுமைகாரர் அவனை முதுகுக் கூடையில் இருத்தி, பட்டியை நெற்றியில் மாட்டிக்கொண்டு இறங்கினார். இளைஞனின் உதடு நாவற்பழ நிறம். என்னைக் கடந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு என்ன ஆனது என்று கேட்டு அலைந்தேன், கீழே பிழைத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார். அவர் வேறு யாரையாவது சொல்லியிருக்கவும் கூடும்.

மாங்குளம் சந்தி

பெரிய கதை ஒன்றும் இல்லை. புதுச் சப்பாத்தை ஊரில் ஒரு நாளும் போடாமல் பெட்டியோடு கொண்டுபோனேன். சந்தன்பாரி ஏற்றத்தில் வலது அடித்தோல் வாயைத் திறந்தது. சீஸ் செய்யும் இடத்தில் வேலை செய்த ஒருவர் சணல் நூலால் தைத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. அதே நூலோடுதான் ஏரிக்குப் போனேன், அதே நூலோடுதான் இப்போது தோட்டத்துக்கும் போகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது என்ற விதி இருக்கிறது. "தனியாகப் போய்விடலாம்" என்று பழைய கதைகளை நம்ப வேண்டாம்.

சன்னதி நடை

தாதி மகளுக்கு: திருவையாறு எனக்கும் தெரியும். உள்ளியை விட்டுத்தர மாட்டேன்.

முத்தையன்கட்டு வரம்பு

ஐயா, அந்த வழிகாட்டிக்குச் சீக்கிரம் வீடு போக அவசரம் இல்லை. பேசிய நாள்கூலி முழுவதையும் கொடுத்தபோது, ஏறாத இரண்டு நாளுக்கு உரியதைத் திருப்பித் தந்தார். நாங்கள் வாங்கவில்லை.

தாதி அவர்கள் எழுதிய 500 மீற்றர்க் கணக்கை இப்போதுதான் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். நான் வெட்டிய இரவைச் சேர்த்தாலும் முதல் நாள் ஏற்றமே கணக்குக்கு மேலே. துஞ்சேக்கும் சந்தன்பாரிக்கும் நடுவில் ஓர் இரவு படுத்திருக்க வேண்டும். அதை நான் ஒருபோதும் எழுதியிருக்கவே இல்லை.

ஒட்டுசுட்டான் 3910

கோட்டில் நடந்தது நான்தான்.

அத்தான், இரண்டு திருத்தம். முதலாவது, நான் மூன்று அடி அல்ல, ஐந்து அடி வைத்தேன். இரண்டாவது, அரிசியில் பிழை இல்லை. சந்தன்பாரியிலேயே தலை பிளந்துகொண்டிருந்தது. மாலையில் இரண்டு பனடோல் போட்டுவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். நெல் விற்ற காசு, டிக்கெட், நீங்கள் ஆறு மாதமாகக் கொப்பியும் கையுமாகத் திரிந்தது எல்லாம் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஏரி வரை வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பகிடிக்கு நான் சிரிக்காதது கோபத்தால் அல்ல, வாயைத் திறந்தால் சத்தி வந்திருக்கும்.

வரும் பங்குனிக்கு நான் ஆயத்தம். நடுவில் படுக்கிற இரவையும் எழுதுங்கள்.

அதற்கு முன் வீட்டில் ஒன்றைச் சரி செய்ய வேண்டும். அக்கா இதை நேற்றிரவே முழுவதும் வாசித்துவிட்டார், எனக்கு அழைப்பெடுத்தார். உங்களிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லையா?