ராஜாஜி சாலை ஸ்டேட் பேங்க்: ஜெய்ப்பூர் வேஷமா, சென்னைக் கட்டடமா?

தம்புச்செட்டித் தெரு:
மெட்ராஸ் தினம் வரும் ஆகஸ்ட் பிறந்தால் போதும், பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கும் ஸ்டேட் பேங்க் கட்டடத்தைப் படம் பிடித்துப் போட்டு, "நம்ம மெட்ராஸின் பெருமை" என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காக 1897இல் கட்டி முடித்தது. முதலில் வரைபடம் போட்ட கர்னல் ஸ்வின்டன் ஜேக்கப், ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் பொறியாளராக இருந்தவர். வடநாட்டு வளைவு, தூண், ஜாலி என்னும் துளைவேலைத் திரை எல்லாவற்றையும் அளவெடுத்து வரையவைத்து, 1890 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர். அந்த ஊர்ச் சரக்கைக் கொண்டுவந்து நம் கடற்கரையில் நிறுத்தினால் நம்முடையது ஆகிவிடுமா? மதுரையும் தஞ்சாவூரும் இருக்கிற நாட்டில், ஒரு தூண்கூட இங்கிருந்து எடுக்கத் தோன்றவில்லையே!

மேஸ்திரி பேரன்:
வரைபடத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். அதை மாற்றியமைத்துக் கட்டடமாக்கியவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர்நீதிமன்றம், கன்னிமாரா நூலகம் எல்லாம் அவர் ஆட்கள் எழுப்பியவைதான். (கணித மேதை ராமானுஜன் 1920இல் கண்மூடிய சேத்துப்பட்டு வீடும் அவருடையதே.) இந்த வங்கிக் கட்டடம் சுமார் 3 லட்சம் ரூபாய் வேலை. செங்கல் அடுக்கிய கை, வளைவுக்குச் சாரம் கட்டிய கை எல்லாம் இந்த ஊர்க் கை. அப்புறம், அந்தக் காலத்தில் இரவல் வாங்காதவர் யார்? லண்டன் பிஷப்ஸ்கேட்டில் 1865இல் ஜான் கிப்சன் கட்டிய வங்கியைப் பாருங்கள். வாசல் முழுக்க, தலைப்பில் இலை செதுக்கிய கொரிந்தியத் தூண்கள். அது என்ன, இங்கிலாந்தில் விளைந்ததா? கிரேக்கத்திலும் ரோமிலும் இருந்து வந்ததுதானே!

தம்புச்செட்டித் தெரு:
எல்லோரும் இரவல் வாங்கினார்கள், சரி. பக்கத்து வீட்டை விட்டு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் ஆங்கிலேயர்தான். அவர் திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் (1880) கட்டும்போது அந்த ஊர் மரவேலையையும் சரிந்த கூரையையும் உட்கார்ந்து படித்தார். பார்த்தாலே கேரளம் என்று தெரியும். இதே கடற்கரைச் சாலையில் 1884இல் வந்த தலைமைத் தபால் நிலையமும் அவர் வரைந்ததுதான். மனம் இருந்தால் முடியும் என்று அவர் காட்டிய பிறகும் வங்கிக்காரர்கள் ஜெய்ப்பூருக்குப் போனார்கள். "நாங்கள் முகலாயருக்குப் பின் வந்த அரசர்கள்" என்று ஆங்கிலேயர் சொல்லிக்கொள்ளும் ஆசை அந்த முகலாயச் சாயல் பாணியில் தெரிகிறது. அதைத்தான் நான் பெருமை என்று ஏற்க மறுக்கிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர்:
நான் வேறொரு வங்கியில் 31 வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவன். நீங்கள் இருவரும் வெளியே நின்றே பேசுகிறீர்கள். வங்கிக் கட்டடத்துக்கு ஒரு வேலை உண்டு: பணம் போட வருகிறவனுக்குத் துணிச்சல் வரவேண்டும். ஆனால் கல்லும் செங்கல்லும் மட்டும் போதாது. 1906 அக்டோபரில் மெட்ராஸில் வங்கித் தொழில் நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன! அந்த அடியில்தான் 1907இல் இந்தியன் பேங்க் பிறந்தது. பேங்க் ஆஃப் மெட்ராஸ் நின்றது. 1921இல் இம்பீரியல் பேங்க், 1955இல் ஸ்டேட் பேங்க் என்று பெயர்தான் மாறியது. நூறு வருடத்துக்கும் மேல் இந்த ஊர் ஜனம் பாஸ்புக்கோடு ஏறி இறங்கிய படி அது. யார் வரைந்தால் என்ன, பழகிப் பழகி நம்முடையதாகிவிட்டது.

மேஸ்திரி பேரன்:
ஐயா சொன்னது சரி. சிஷோம் விஷயத்தில் தம்புச்செட்டித் தெருக்காரருக்கு என்னிடம் பதில் இல்லை, அது நல்ல அடி. ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. என் தாத்தா பழைய கட்டடங்களில் பூச்சு வேலை பார்த்தவர். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைப்பார்கள். விரலால் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அந்தக் காரை மூச்சு விடும். சுவரில் ஏறிய ஈரம் வெளியே போய்விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கும். கடலோர உப்பு செங்கல்லின் முகத்திலேயே பூத்து, தொட்டாலே மாவாக உதிரும். சேப்பாக்கம் ஹுமாயூன் மஹாலைச் சுண்ணாம்பு வைத்தே புதுப்பித்தார்கள். இந்தச் சாலையில் உள்ள எல்லாப் பழைய கட்டடத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும். பாணி யாருடையது என்று நாம் பேசி முடிப்பதற்குள் செங்கல் போய்விடக் கூடாது.

தம்புச்செட்டித் தெரு:
இதில் உங்களோடு நிற்கிறேன். பிடிக்காத கட்டடமானாலும் இடிந்து விழட்டும் என்று நான் சொல்லவே இல்லை. பாணி பற்றிய என் கருத்து மாறவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: அடுத்த ஆகஸ்டில் படம் போடும்போது ஜேக்கப், இர்வின் பெயரோடு நம்பெருமாள் செட்டியார் பெயரையும் எழுதுங்கள். இதுவரை நான் பார்த்த ஒரு பதிவிலும் அது இல்லை.

மேஸ்திரி பேரன்:
ஆகஸ்ட் வரை எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன். கிழக்கு பார்த்த கட்டடம், ஏழு மணிக்கு வெயில் நேராக முகப்பில் விழும். செங்கல் அடுக்கைக் கிட்டத்தில் எடுத்து, பெயரோடு இங்கே போடுகிறேன்.