கிரிட்டாவில் வரையும் பித்தளை விளக்கு பச்சை பாய்ந்து தெரிகிறது, கோடும் உயிரற்று இருக்கிறது: உதவி தேவை

கேள்வி: ஓவிய மாணவி, கும்பகோணம்

வணக்கம். நான் கவின்கலை இறுதியாண்டு மாணவி. நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளைப் பற்றிய ஒரு படத்தொடரை ஆண்டிறுதிப் பணியாக, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் டிஜிட்டலாக வரைந்து வருகிறேன். காவிரி வண்டலில் அச்சுப் பதிப்பது, பித்தளையை உருக்கி ஊற்றுவது, வார்த்தெடுத்த உறுப்புகளைக் கடைசலில் கொடுத்து மெருகேற்றுவது ஆகிய வேலைகளையெல்லாம் பட்டறையிலேயே அமர்ந்து பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டுப் பக்கங்களில் இருக்கும் வெக்கையும் பளபளப்பும் கணினியில் வரையும்போது வருவதில்லை.

குறிப்பாக மூன்று சிக்கல்கள். பித்தளையின் நிழற்பகுதியை இருட்டாக்கினால் பாசி படிந்ததைப் போலப் பச்சை நிறம் தட்டுகிறது. விளக்கின் தட்டுகள் தட்டையாக நசுங்கியும், தண்டு ஒரு பக்கம் சாய்ந்தும் வருகின்றன. காகிதத்தில் எனக்கு இவ்வாறு நேர்வதில்லை. கோடுகள் வழவழப்பாக, ஆனால் யார் கையும் படாததைப் போல இருக்கின்றன. திரையில்லாத பேனா டேப்லெட்டும் மடிக்கணினியும் பயன்படுத்துகிறேன். குறையின் வேர் கருவியிலா, பிரஷ்ஷிலா, வரையும் முறையிலா என்பதை அறிந்தால் அங்கிருந்து தொடங்குவேன்.

பதில்: இதழ்களுக்கு வரையும் ஓவியர்

முதலில் பித்தளையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உங்கள் படத்தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது. மஞ்சளோடு கறுப்பைக் கலந்தால் அது ஆலிவ் பச்சையாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும்; நிறத் தேர்வுப் பெட்டியில் அதே மஞ்சளை நேராகக் கீழே இழுத்து இருட்டாக்குவதும் கறுப்பைக் கலப்பதும் ஒன்றே. நீர்வண்ணத்தில் உங்கள் கை இயல்பாகவே எரிந்த சியன்னா, அம்பர் போன்ற பழுப்பு நிறங்களைத் தொட்டிருக்கும், அதனால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை. திரையிலும் அதையே செய்யுங்கள்: நிழலுக்குப் போகும்போது நிறச் சக்கரத்தில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும், அங்கிருந்து செம்பழுப்புக்கும் நகர்ந்துகொண்டே இருட்டாக்குங்கள்.

ஆனால் நிறத்தைத் திருத்துவதால் மட்டும் அது பித்தளையாகிவிடாது. மெருகேற்றிய உலோகத்துக்கு, மண்பானைக்கு இருப்பதைப் போல வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெல்ல மாறும் பரப்பு கிடையாது. அது தன்னைச் சுற்றியுள்ளவற்றைத் தன் மஞ்சளில் தோய்த்துத் திருப்பிக் காட்டுகிறது. ஆகவே மிகப் பிரகாசமான கீற்றுக்கு ஒட்டியே மிக இருண்ட பட்டை வரும். இரண்டுக்கும் இடையே விளிம்பு கூர்மையாக இருக்கும். பட்டறையின் வாசல் வழியே வரும் வெளிச்சம் தண்டின் நீளத்துக்கு ஒரு கோடாக ஓடும். தட்டின் அடிப்புறத்தில் தரையின் மண்ணிறம் ஏறும். உலை எரியும் பக்கம் செம்மை தட்டும். மென்மையான ஏர்பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து நிழலிட்டால் இவை அனைத்தும் கரைந்து, பித்தளை பிளாஸ்டிக்காகிவிடும். ஓரம் கடினமான ஒரே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, இருள், இடைநிலை, வெளிச்சம் என மூன்று தொனிகளில் மட்டும் விளக்கை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

தொனியைச் சோதிக்க எல்லா லேயர்களுக்கும் (படத்தின் அடுக்குகளுக்கும்) மேலே, நிறத்தை நீக்கிச் சாம்பலாகக் காட்டும் டீசாச்சுரேட் ஃபில்டர் லேயர் ஒன்றை வைத்து, வேண்டும்போது திறந்து மூடலாம். அதில் 'லைட்னஸ்' முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே சாம்பலாகத் தெரியும். 'லூமினோசிட்டி' முறை கண்ணின் உணர்வுக்கு நெருக்கமானது. திரைகளுக்கான நிறத் தரநிலையான பிடி.709 கணக்கின்படி வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. மஞ்சள் ஏன் இவ்வளவு வெளிச்சமாகவும் நீலம் ஏன் இவ்வளவு இருட்டாகவும் தெரிகின்றன என்பது இதிலேயே விளங்கும்.

பதில்: அனிமேஷன் மாணவர்

தட்டு நசுங்குவதற்கு உங்கள் கை காரணமில்லை என்று நினைக்கிறேன். டேப்லெட்டின் வரையும் பரப்பு 16:10 விகிதத்திலும் மடிக்கணினித் திரை 16:9 விகிதத்திலும் இருந்தால், டேப்லெட்டில் போடும் சரியான வட்டம் திரையில் ஏறத்தாழ 11 விழுக்காடு அகலமாக நீளும். டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் விகிதத்தை நிலைநிறுத்தும் தேர்வு ஒன்று இருக்கும். அதை இயக்கினால் டேப்லெட்டில் ஒரு சிறு பட்டை பயனற்றுப் போகும், ஆனால் வட்டம் வட்டமாகவே வரும். தண்டு சாய்வதற்கு, டேப்லெட்டைத் திரைக்கு நேராக வைக்காமல் சற்றுத் திருப்பி வைப்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். 'எம்' விசையை அழுத்திக் கேன்வாஸைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் சாய்வு உடனே கண்ணில் படும்.

மாணவி

இருவருக்கும் நன்றி. டேப்லெட் 16:10, திரை 16:9 என்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். விகிதத்தை நிலைநிறுத்தியதும் வட்டங்கள் சரியாகிவிட்டன. இருந்தும் ஐந்து முக விளக்கின் எண்ணெய்த் தட்டும் அடித்தட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல், தனித்தனியே மிதப்பவை போலத் தெரிகின்றன. கோட்டைப் பற்றியும் கூற வேண்டுகிறேன், ஐயா. பிரஷ் மிருதுவாக்கத்தில், கை நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை உயர்ந்த அளவில் வைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்துத் துண்டு துண்டாகக் கோடு போடுகிறேன். பிடிக்காவிட்டால் அன்டூ செய்கிறேன்.

பதில்: இதழ்களுக்கு வரையும் ஓவியர்

தட்டுகள் மிதப்பது பார்வைக்கோணம் பற்றியது. முதலில் விளக்கின் நடு அச்சை ஒரே நேர்கோடாகப் போடுங்கள். ஒவ்வொரு தட்டின் நீள்வட்டத்துக்கும் குறுகிய அச்சு அந்தக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். அடுத்து உங்கள் கண்மட்டம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்மட்டத்துக்கு நேரே இருக்கும் தட்டு ஒரு கோடாகத் தெரியும்; அதிலிருந்து கீழே இறங்க இறங்க நீள்வட்டம் அகலமாகத் திறக்கும். எனவே எண்ணெய்த் தட்டைவிட அடித்தட்டு வட்டத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். உச்சியில் இருக்கும் அன்னம் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால், அதன் பீடத்தின் முன்விளிம்பு மேல்நோக்கி வளையும். குறிப்பேட்டில் நீங்கள் தரையில் உட்கார்ந்து வரைந்தீர்கள், கண்மட்டம் தானாகவே அமைந்துவிட்டது. கணினியில் அதை நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும்.

இப்போது கோடு. நீங்கள் விவரித்ததிலேயே விடை இருக்கிறது. காகிதம் உங்களுக்கு மூன்று கட்டுப்பாடுகளை விதித்தது: தாளின் அளவு மாறாது, போட்ட கோடு போகாது, பட்டறையில் வேலை நிற்காது. அதனால் ஒரு கோட்டைப் போடுமுன் அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று உங்கள் கண் தீர்மானித்தது. அழுத்தமும் வேகமும் அந்தத் தீர்மானத்திலிருந்து பிறந்தன. டிஜிட்டலில் மூன்றும் தளர்ந்துவிடுகின்றன. மிகவும் பெரிதாக்கிய கேன்வாஸில் விரல் மட்டுமே அசைகிறது, மணிக்கட்டும் முழங்கையும் ஓய்ந்திருக்கின்றன. எஞ்சியிருக்கும் வேறுபாட்டையும் ஸ்டெபிலைசர் சராசரியாக்கிவிடுகிறது. இந்தக் கட்டுப்பாடுகளை நீங்களே திரும்ப விதித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் மனதாரச் சொல்ல விரும்புவது. உருவம் முழுவதும் தெரியும் அளவிலேயே கோடிடுங்கள். மிருதுவாக்கத்தைப் 'பேசிக்' நிலைக்குக் கொண்டுவாருங்கள். வளைவு கைக்கு வசமாக வரும்படி 4, 6 விசைகளால் கேன்வாஸைச் சுழற்றுங்கள். 5 அதை நேராக்கும். சரியில்லாத கோட்டை அழிக்காமல் அதன் மேலேயே சரியானதைப் போட்டு, தேவையற்றதைப் பின்னர் துடைத்தெடுங்கள். டேப்லெட் அமைப்பில் உள்ள அழுத்த வளைகோட்டையும் உங்கள் கையின் கனத்துக்கு ஏற்பத் திருத்துங்கள். மெல்லத் தொட்டாலே பிரஷ் முழு அகலத்தை எட்டிவிட்டால் எந்தக் கோட்டுக்கும் தொடக்கமும் முடிவும் இராது.

ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பியின் படங்களை நிதானமாகப் பாருங்கள். சிற்பத்தின் முன்னால் அமர்ந்து வரைந்த அவரிடம், நுணுக்கம் எங்கே வேண்டும், எங்கே வெறும் தொனி போதும் என்ற தெளிவு இருக்கிறது. உங்கள் கும்பகோணத்திலேயே பயின்ற எஸ். இளையராஜாவின் ஓவியங்களில், வீட்டுக்குள் விழும் வெளிச்சம் ஒரு பொருளைத் தொட்டு மற்றொன்றை விட்டுவிடுவதைக் கவனியுங்கள். பட்டறைக்குள் வாசல் வெளிச்சத்தை நீங்கள் கையாள அது நேரடியாக உதவும்.

பதில்: அச்சகத்தில் பணிபுரிபவர்

படத்தொடரைக் காட்சிக்கு அச்சிடுவீர்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். கேன்வாஸை முதலிலேயே அச்சளவுக்குத் திறந்துகொள்ளுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2480 × 3508 பிக்சல், ஏ3 தாள் 3508 × 4961. 72 டிபிஐயில் திறந்த ஏ4 வெறும் 595 × 842 பிக்சல்தான். அதைப் பின்னால் பெரிதாக்கினால் கோடு மழுங்கும். திரையின் நிறமுறையான ஆர்ஜிபியிலேயே வரையுங்கள், ஆனால் அவ்வப்போது கன்ட்ரோல்-ஒய் அழுத்தி, அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் பார்வையில் பாருங்கள். பித்தளையின் காவி மஞ்சள் அச்சில் ஓரளவு தாங்கும். வாசலுக்கு வெளியே தெரியும் பளிச்சென்ற விடியல் நீலம்தான் அச்சின் நான்கு சிஎம்ஒய்கே மைகளில் மங்கும். மடிக்கணினியின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டிவைத்து இருட்டறையில் வரைந்தால், அச்சு எப்போதும் எதிர்பார்த்ததைவிடக் கறுத்தே வரும். படம் அனைத்தையும் ஒரே நேரத்தில் அச்சுக்குக் கொடுக்காமல், ஒரு துண்டுத் தாளில் மாதிரி எடுத்துப் பாருங்கள்.

மாணவி

கடைசல் காட்சியை முழுவதும் புதிதாகத் தொடங்கினேன். உள்ளங்கை அளவுள்ள சிறு படங்களாக மூன்று தொனிகளில் மட்டும் அமைப்பை முடிவு செய்துகொண்டு, அவற்றில் வாசல் வெளிச்சம் தண்டில் ஓடும் படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் நிறமேற்றினேன். நிழலைச் செம்பழுப்புக்கு நகர்த்தியதும் பச்சை போய்விட்டது. கோடு இன்னும் குறிப்பேட்டின் தரத்துக்கு வரவில்லை. ஆனால் எந்த இடத்தில் கை தயங்கியது என்பது இப்போது கோட்டில் தெரிகிறது.

ஒரு சந்தேகம் மீதமுள்ளது. கடைசலில் சுழலும் தண்டின் மேல் விழும் ஒளிக்கீற்றை அசையாமல் வரைவதா, சுழற்சியைக் காட்ட மங்கலாக்குவதா?

பதில்: இதழ்களுக்கு வரையும் ஓவியர்

அசையாமலே வரையுங்கள். தன் நடு அச்சைச் சுற்றிச் சுழலும் உருண்டைப் பொருளின் வடிவம் எந்தக் கணத்திலும் மாறுவதில்லை, வெளிச்சமும் வாசலும் நகர்வதில்லை. எனவே கீற்று அங்கேயே நிற்கும். மெருகு ஏறாத பகுதியில் உள்ள வார்ப்புச் சொரசொரப்பு மட்டும் குறுக்கு வரிகளாகக் கலங்கித் தெரியும். உளி தொடும் இடத்திலிருந்து தெறிக்கும் பித்தளைச் சீவல்களிலும், உளியைப் பிடித்திருக்கும் முன்கையின் இறுக்கத்திலும் வேகத்தைக் காட்டுங்கள். அந்தக் கைகளை உங்கள் பென்சில் குறிப்புகளிலிருந்தே எடுங்கள்.