புதுப்பிப்பு: போனில் காணாமல் போன பேஸ் கிடைத்துவிட்டது
போன மாதம் புலம்பியிருந்தேன்: ஹெட்போனில் அதிரும் என் பாட்டின் சப் பேஸ் (மிகத் தாழ்ந்த அடி ஒலி), போன் ஸ்பீக்கரில் சுத்தமாகக் காணாமல் போகிறது என்று. வால்யூமை ஏற்றச் சொன்னார்கள் சிலர். ஏற்றினேன், கிக் டிரம்மின் அடி அமுங்கிப்போனதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். என் பேஸ் வெறும் சைன் அலை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி), சுரம் எஃப், சுமார் 44 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே போன் ஸ்பீக்கர் எட்டாது. சைனில் மேற்சுரங்களும் (அந்த அதிர்வெண்ணின் மடங்குகள்) கிடையாது, அப்புறம் என்னத்தைக் கேட்பது? இப்போது அதே பேஸை ஒரு நகல் எடுத்து, சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைத்து மேற்சுரங்களைச் சேர்ப்பது) போட்டு, அந்த நகலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டேன். 131, 175, 218 என்று மேலே அடுக்கடுக்காக மேற்சுரங்கள் இருந்தால், இல்லாத 44-ஐக் காதே நிரப்பிக்கொள்கிறது. (முதல் தடவை கேட்டபோது ஏமாற்று வேலை மாதிரிதான் இருந்தது.) அசல் சைனைத் தொடவில்லை, மோனோவிலேயே (இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலி) விட்டேன்.

கிக்கோடு இருந்த மோதல் சைட்செயினில் (கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸைத் தானாகக் குறைப்பது) பாதி சரியானது. மீதி, ஃபேஸ் கோளாறு: இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. கிக்கின் போலாரிட்டியைத் திருப்பியதும் (அதாவது அலையைத் தலைகீழாக்கியதும்) அடி திரும்பி வந்தது. இரண்டு வாரம் ஈக்யூவோடு (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மல்லுக்கட்டியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ரீஸ் பேஸ் (சுரம் சற்றே விலகிய அலைகளைச் சேர்த்துச் செய்யும் கனத்த பேஸ்) மட்டும் இன்னும் சேறாகவே இருக்கிறது. அது அடுத்த புலம்பல்.